இருபத்தேழு முறை வேலையில் சேர்ந்தவர்

பிப்ரவரி 4

அண்ணா,

அப்பாவின் பெயரை நீ எடுத்துவிட்டாய்.

இது கேள்வி இல்லை. உன் கல்லூரி அச்சடித்த நினைவு மலர் என் முன்னால் கிடக்கிறது. இந்தத் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா உங்கள் கல்லூரியில் படித்தவர். அவர் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்கப் போயிருந்தேன். வேலை முடிந்து கை கழுவும்போது மலரை எடுத்து நீட்டினார். "உங்கப்பா பேர் எந்தப் பக்கத்துல இருக்குன்னு தெரியலம்மா, நீயே பாரு" என்றார். பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். இந்த வருடம் இறந்துபோன பழைய மாணவர்கள் பன்னிரண்டு பேர், ஊழியர்கள் ஏழு பேர். அப்பா இல்லை.

அந்த ஏழு பேரில் ஒருவர் இரண்டே வருடம் பொருளாதாரம் நடத்திவிட்டு வேறு வேலைக்குப் போனவர். அவருக்குப் படத்தோடு அரைப் பக்கம். இன்னொருவர் நிர்வாகக் குழுத் தலைவரின் மாமனார், கௌரவ ஆலோசகராம். அவர் கல்லூரிக்குள் கால் வைத்ததே கட்டடத் திறப்பு விழாவுக்கு வந்தபோதுதான் என்று மருந்துக்கடை அக்கா சொல்கிறார். அன்று ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் கிடைக்காமல் எல்லோரும் திண்டாடியபோது கெமிஸ்ட்ரி ஸ்டோரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது அப்பா. கத்தரிக்கோல் கொடுத்தவர் இல்லை, ரிப்பன் வெட்டியவர் இருக்கிறார்.

இருபத்தேழு வருடம் அந்த ஜன்னல் இல்லாத அறையில் ஆசிட் புட்டிகளுக்கு நடுவே நின்றார். மாணவர்கள் "குடுவை அண்ணன்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவருக்கு வேறு பெயர் இருப்பதையே பாதிப் பேர் மறந்துபோனார்கள். சரி, அவர்கள் மறக்கலாம். அந்தப் பட்டியலை டைப் அடிப்பவன் நீ. அவர் பெயர் உனக்கும் மறந்துவிட்டதா?

மார்ச் பதினைந்தாம் தேதி மண்டபத்தில் பெயர்களை வாசிப்பார்கள். அம்மா முன்வரிசையில் போய் உட்காரப் போகிறாள். இப்போதே பக்கத்து வீட்டாரிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாளாம். அவளிடம் மலரைக் காட்டினாயா? காட்டியிருக்க மாட்டாய்.

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் வைத்துவிடுவாய். இதை வைக்க முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் தங்கை


பிப்ரவரி 11

ஊசிக்கு,

உன் கடிதம் அலுவலக முகவரிக்கு வந்தது. என் மேஜைக்கு வரும்போதே உறை பிரிந்திருந்தது. யார் பிரித்தார்கள் என்று நான் கேட்க முடியாது. இனி வீட்டுக்கு எழுது.

உனக்கு ஊசி என்று பெயர் வைத்தவர் அப்பா. எங்கே தொட்டாலும் குத்துகிறாய் என்பார். இந்த முறை நன்றாகவே குத்தியிருக்கிறாய். ஆனால் விஷயம் தெரியாமல் குத்தியிருக்கிறாய்.

ஊழியர் பட்டியலில் ஒருவர் வர வேண்டுமென்றால் பணிப்பதிவேட்டில் அவருக்கு ஒரு பக்கம் இருக்க வேண்டும். அப்பாவுக்கு இல்லை. அவர் ஒப்பந்த ஆள். ஜூலையில் எடுத்து மே மாதக் கடைசியில் நிறுத்துவார்கள், ஜூன் மாதம் வெளியே, மறுபடி ஜூலையில் புது உத்தரவு. இது உனக்கும் தெரியும். நான் மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். "ரெஜிஸ்டர்ல இல்லாதவங்களைப் போட ஆரம்பிச்சா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க தம்பி" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? நானும் அதே மாதிரி நாலு முறை எடுக்கப்பட்டவன். வரும் ஜூலையில் நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார்கள். கோப்பு மேனேஜர் மேஜையில் இருக்கிறது.

அம்மாவிடம் மலர் இன்னும் அச்சாகி வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பதினைந்தாம் தேதி அவளை அழைத்துப் போகாமல் இருக்க ஏதாவது வழி யோசிக்கிறேன்.

நீ கேட்டாய், நானும் கேட்கிறேன். அப்பா போன மூன்றாம் நாள் அவருடைய அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாயே, அது என்ன நியாயம்? ஏழு வருடம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். ராத்திரி முழுக்க அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் படுத்திருந்தவன் நான். நீ எங்கோ எட்டாவது மாடிக்கு மேலே உட்கார்ந்து லிஃப்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாய். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கோபப்படுவது சுலபம். பக்கத்தில் இருப்பவன் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே அலுவலகத்துக்குப் போய் அதே ஆளுக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.

சண்டையை வளர்க்காதே.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

ஆஸ்பத்திரி விஷயத்தில் நீ சொன்னது சரி. நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அப்போது சொன்னேன். இரண்டு தடவை கிடைத்தது, நான்தான் வரவில்லை. அவரை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது. இதை வைத்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் அடி, வாங்கிக்கொள்கிறேன்.

பெட்டியையும் கேட்காமல்தான் எடுத்தேன். பழைய தாள்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்று நீ சித்தப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அதனால் எடுத்தேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் உங்கள் பிரின்சிபலுக்கு எழுதினேன். முறைத்துப் பார்க்காதே. மரியாதையாகத்தான் எழுதினேன். என் அப்பாவின் பெயரை யார், எந்தக் காரணத்தால் நீக்கினார்கள் என்று மட்டும் கேட்டேன். அந்த அம்மா பதில் போட்டிருக்கிறார். மொத்தமே இரண்டு வரி: "பட்டியல் அலுவலகத்திலிருந்து வந்தபடியே அச்சிடப்பட்டது. எந்தப் பெயரையும் யாரும் நீக்கவில்லை."

மேனேஜருக்கும் போன் செய்தேன். அவர் நல்ல மனநிலையில் இருந்தார் போலிருக்கிறது. பட்டியலைப் பற்றி யாரும் தன்னிடம் எதுவும் கேட்கவில்லை, அதைத் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான், கெட்டிக்காரப் பையன் என்று உன்னைப் புகழ்ந்தார்.

கெட்டிக்காரப் பையனே, அப்படியானால் அந்த ரெஜிஸ்டர் வசனத்தைச் சொன்னது யார்?

எங்கள் வேலையில் ஒரு வகைப் புகார் உண்டு. லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் மோட்டார் நன்றாக இருக்கும், கயிறு நன்றாக இருக்கும், கரண்ட் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் அது நிற்கும். இருக்கிறதிலேயே பெரிய தலைவலி அதுதான். உடைந்ததைச் சரி செய்துவிடலாம். யாரும் நிறுத்தாமலே நிற்பதை என்ன செய்வது?

நீ யாரிடமும் கேட்கவே இல்லை. அவர்கள் இல்லை என்று சொல்வதற்கு முன்னாலேயே அவர்கள் சார்பில் நீயே இல்லை என்று சொல்லிக்கொண்டாய். அவர்களுக்கு அந்தச் சிரமம்கூட வேண்டாம் என்று பார்த்தாய்.

ஏன் என்று எழுது. பொய் எழுதினால் திருப்பி அனுப்புவேன்.

தங்கை


பிப்ரவரி 27

ஊசி,

இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

மேனேஜர் அப்படிச் சொல்லவில்லை. நான் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவருடைய குரலிலேயே அது என் தலைக்குள் ஓடியது. எழுதும்போது அவர் சொன்னதாகவே நம்பித்தான் எழுதினேன் என்றால் நீ சிரிப்பாய்.

நடந்தது இதுதான். மலருக்கு வேறு படிவம், மண்டபத்தில் வாசிப்பதற்கு வேறு படிவம். இரண்டிலும் ஊழியர்களுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. பெயர். பதவி. பணியில் சேர்ந்த நாள். ஜனவரியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன். ஏழு பேரை அடித்து முடித்தேன். எட்டாவதாக அப்பா பெயரை அடித்தேன். அழுகை வரவில்லை, மற்ற பெயர் மாதிரியேதான் அடித்தேன். பதவி: பொருளறை உதவியாளர். அதையும் அடித்தேன்.

சேர்ந்த நாள் என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

எதைப் போடுவது? முதல் தேதியைப் போட்டால், அன்றிலிருந்து கடைசி வரை அவர் இங்கே இருந்தார் என்று கல்லூரியே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வருஷா வருஷம் ஜூனில் அவரை வெளியே நிறுத்தியதே அதை ஒத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். இந்தக் கல்லூரியில் இன்னும் பதினெட்டுப் பேர் அதே மாதிரி இருக்கிறார்கள், தோட்டக்காரர் முதல் நூலகத்துப் பெண் வரை. ஒரு தாளில் அப்படி வந்துவிட்டால் பதினெட்டுப் பேரும் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். யார் அடித்த தாள் என்று கேட்பார்கள். கடைசித் தேதியைப் போட்டால், போன ஜூலையில் சேர்ந்து அக்டோபரில் இறந்துபோன ஆள் என்று ஆகிவிடும். மூன்று மாத ஊழியர். அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை. அதை மட்டும் நம்பு.

ஒரு மணி நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ வந்தது, ஆறிப்போனது. பிறகு அந்த வரியை அழித்துவிட்டேன். ஏழு பேரோடு அனுப்பினேன். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அதுதான் இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்த மலரை எடுத்துவிட்டாள். எழுத்துக்கூட்டி முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை படித்தாள். எனக்குச் சோறு போட்டுவிட்டு, "இது முதல் பாகமாப்பா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்


மார்ச் 5

அண்ணா,

திருப்பி அனுப்பவில்லை. இது உண்மையான கடிதம்.

இனி நான் சொல்வதைச் செய். கெஞ்சவில்லை. யோசித்துத்தான் சொல்கிறேன்.

நான் எடுத்துவந்த பெட்டி ஃபில்டர் பேப்பர் வந்த காலிப் பெட்டி. அதற்குள் என்ன இருக்கிறது என்று நீ ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அப்பாவின் வேலை உத்தரவுகள், ஒன்று விடாமல். இருபத்தேழு. வருடவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலில் எண் போட்டிருக்கிறார். குடுவைகளுக்குப் போடுவாரே, அதே மாதிரி.

எல்லாவற்றையும் நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். எந்தத் தேதியைப் போடுவது என்றுதானே நின்றாய்? இருபத்தேழையும் போடு.

அவர் ஒரு தடவை சேரவில்லை. இருபத்தேழு தடவை சேர்ந்தார். அதைச் சொன்னது நீயோ நானோ இல்லை, அவர்கள்தான். அவர்கள் முத்திரை, அவர்கள் கையெழுத்து. அவர் தொடர்ந்து இருந்தார் என்று நீ ஒரு வார்த்தை எழுத வேண்டாம். அவர்கள் எழுதியதை அவர்களிடமே கொடு. கட்டத்துக்குள் அடங்காது. அடங்க வேண்டாம்.

பன்னிரண்டாவது உத்தரவைப் பார். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி போட்டது. கையெழுத்துப் போட வேண்டியவர் வெளியூரில் இருந்திருக்கிறார். அந்த ஜூலை முழுக்க அப்பா உத்தரவே இல்லாமல் ஸ்டோரைத் திறந்து மூடியிருக்கிறார். எனக்கு அப்போது எட்டு வயது. இருமலோடு போகாதீர்கள் என்று அம்மா சொன்னதும், "நான் போகலைன்னா பசங்க பிராக்டிகலுக்குத் தண்ணி டம்ளரா கொண்டு போவாங்க?" என்று அவர் சட்டையை மாட்டியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கும் இருக்கும்.

மலர் போனது போனதுதான். மண்டபத்தில் வாசிக்கும் தாள் இன்னும் உன் கையில் இருக்கிறது. பிரின்சிபல் அம்மா எதையும் முன்கூட்டிப் படிக்க மாட்டார், மைக் முன்னால் நின்றபிறகுதான் தாளைத் திருப்புவார் என்று நீயே முன்பு கிண்டல் செய்திருக்கிறாய்.

ஜூலை நிரந்தரம் பற்றிப் பயப்படுகிறாய். அது சின்னப் பயம் என்று நான் சொல்லவில்லை. அம்மா உன்னோடு இருக்கிறாள், வீட்டு அடுப்பு உன் வேலையில் எரிகிறது. வேலை போனால் அம்மாவை நான் அழைத்துக்கொள்கிறேன், நீயும் வா, இங்கே ஒரு அறை இருக்கிறது. ஆனால் அப்பாவை அழித்துவிட்டு நிரந்தரமானால் நீ எதில் நிரந்தரமாவாய் என்று மட்டும் யோசி.

பதினைந்தாம் தேதிக்குப் பத்து நாள் இருக்கிறது.

தங்கை


மார்ச் 17

ஊசி,

செய்தேன்.

பதினாலாம் தேதி சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அடித்தேன். அப்பாவுக்கு மட்டும் ஒரு முழுத் தாள். பெயர், பதவி, அதற்குக் கீழே இருபத்தேழு தேதிகள். மற்ற தாள்களுக்கு அடியில் வைத்தேன்.

மண்டபம் பாதிதான் நிறைந்திருந்தது. ஒப்பந்த ஆட்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள். அம்மா நீ சொன்ன மாதிரி முன்வரிசையில். பிரின்சிபல் அம்மா பழைய மாணவர்களைப் படித்தார், ஊழியர்கள் ஏழு பேரைப் படித்தார். மாமனாருக்கு எல்லோரும் தலை குனிந்தார்கள். அப்புறம் அடுத்த தாளைத் திருப்பினார்.

அப்பா பெயரைப் படித்தார். அவர் பெயர் மைக்கில் எப்படிக் கேட்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நீளமான பெயராக இருந்தது. பதவியைப் படித்தார். "பணியில் சேர்ந்த நாள்" என்று சொல்லி முதல் தேதியைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவது வந்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள், தாள் மாறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆறாவதில் பிரின்சிபல் அம்மாவுக்கே புரிந்துவிட்டது. நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மண்டபம் காத்திருந்தது. நிறுத்தினால் ஏன் நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டும். படித்தார். ஜூலை ஒன்று, ஜூலை ஒன்று, ஜூலை இரண்டு, ஜூலை ஒன்று. ஆகஸ்ட் ஒன்பதைப் படிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. இருபதுக்கு மேல் யாரும் அசையவில்லை. இருபத்தேழும் முடிந்தபிறகு, பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டார். மைக்கை அணைக்க மறந்து, பக்கத்தில் இருந்தவரிடம், "இவர் எத்தனை தடவைதான் வேலையை விட்டார்?" என்றார்.

சுவரோரத்திலிருந்து தோட்டக்காரர் பதில் சொன்னார். "அவர் விடவே இல்லீங்கம்மா."

வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியில் அம்மா, "நாலாவது தேதி படிச்சாங்களே, அந்த வருஷம்தான் ஊசி பொறந்தா" என்றாள். அப்புறம் ஒவ்வொரு தேதியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். எது நான் காய்ச்சலில் படுத்த வருடம், எது நாம் வீடு மாறிய வருடம். நான் படித்துப் பார்த்து அடித்த தேதிகளை அவள் கேட்டதிலேயே மனப்பாடம் செய்திருந்தாள்.

இதை இங்கேயே முடித்துவிடலாம் என்று பார்த்தேன். நீ கண்டுபிடித்துவிடுவாய்.

நேற்று மேனேஜர் கூப்பிட்டார். திட்டவில்லை. உட்காரச் சொன்னார், டீ சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. பதினெட்டுப் பேரும் காலையிலேயே அந்தத் தாளின் நகல் கேட்டு வந்துவிட்டார்களாம். என் முன்னால் ஒரு தாளை வைத்தார். மூன்று வரி. மார்ச் பதினைந்தாம் தேதி வாசிக்கப்பட்ட கடைசித் தாள் தட்டச்சுப் பிழையால் சேர்ந்துவிட்டது, அதில் உள்ள விவரங்கள் கல்லூரிப் பதிவுகளைச் சேர்ந்தவை அல்ல என்று, தட்டச்சு செய்தவனாகிய நான் சொல்வதாக. கீழே கையெழுத்துக்குக் கோடு.

"வாசிச்சது வாசிச்சாச்சு, யாரும் அதை வாயிலிருந்து பிடுங்க முடியாது. இது ஃபைலுக்குத்தான் தம்பி. ஜூலை உத்தரவு என் டிராயர்லதான் இருக்கு" என்றார். பேனாவையும் அவரே மூடியைத் திறந்து கொடுத்தார்.

அம்மா கூப்பிடுகிறாள். இந்த இரண்டு நாளாக அவள் நன்றாகத் தூங்குகிறாள்.

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

உன் கடிதத்தை லிஃப்ட் மெஷின் அறையில் படித்தேன். தேதிகள் வரை படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மீதியைப் படித்தேன். நீ செய்தது என்னால் முடிந்திருக்காது. ஏமாற்றுப் பேச்சு இல்லை. நான் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். நீ அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாய்.

ஆனால் பேனா வரைக்கும் எழுதிவிட்டு அம்மா கூப்பிடுகிறாள் என்று முடித்திருக்கிறாய்.

மேனேஜர் சொன்னதில் ஒன்று பொய். ஃபைலுக்குத்தான், அதனால் ஒன்றும் ஆகாது என்கிற மாதிரிச் சொன்னாரே, எல்லாமே ஃபைலுக்குத்தான். அப்பாவை ஜூன் மாதம் ஜூன் மாதமாக வெளியே நிறுத்தியதும் ஃபைலுக்குத்தான். மண்டபத்தில் கேட்டவர்கள் ஒருநாள் செத்துப் போவார்கள், ஃபைல் இருக்கும். நாளைக்குத் தோட்டக்காரர் அந்தத் தாளோடு போய் நின்றால், அவர் முன்னால் உன் கையெழுத்தை எடுத்துப் போடுவார்கள். குடுவை அண்ணனின் மகனே சொல்லிவிட்டான், தன் அப்பா ஒரு தட்டச்சுப் பிழை என்று.

கையெழுத்துப் போட்டாயா?

போடவில்லை என்றால் வேலை போனாலும் சரி, பெட்டியைக் கட்டு, அம்மாவோடு வா. போட்டுவிட்டாய் என்றால் அதையும் சொல். நான் கத்துவேன், ஒரு வாரம் கத்துவேன். பிறகு அதைத் திரும்ப வாங்க என்ன வழி என்று உட்கார்ந்து யோசிப்போம்.

ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

தங்கை


ஏப்ரல் 9

அண்ணா,

பதினெட்டு நாள் ஆகிவிட்டது. அம்மாவிடம் போனில் பேசினேன். நீ நன்றாக இருக்கிறாய், வேலைக்குப் போய் வருகிறாய், அதிகம் பேசுவதில்லை என்றாள். நீ பக்கத்திலேயே இருந்தாய். மூச்சு கேட்டது.

தோட்டக்காரர் எனக்கு எழுதியிருக்கிறார். பதினெட்டுப் பேரும் அவரவர் உத்தரவுகளைத் தேடி எடுத்து அடுக்கத் தொடங்கிவிட்டார்களாம். அடுத்த மாதம் பிரின்சிபலைப் பார்க்கப் போகிறார்கள். நானும் லீவு போட்டு வருகிறேன், அப்பாவின் இருபத்தேழு தாளையும் கொண்டு வருகிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் போவோம். எங்களுக்கு எதிராக மேஜையில் என்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

காரணம் கேட்கவில்லை. விளக்கம் வேண்டாம். மேனேஜர் உன் முன்னால் வைத்த அந்த மூன்று வரித் தாள் உன்னிடம் இருந்தால் அதை அனுப்பு. கோடு காலியாக இருந்தாலும் அனுப்பு. உன் கையெழுத்து இருந்தால் அதன் நகலை அனுப்பு. என் முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, இத்துடன் உறை வைத்திருக்கிறேன்.

தாளை அனுப்பு, அண்ணா.